ரிதிகமத்து வெள்ளி: பழஞ்சுரங்கங்களின் மீட்பும் நவீன கனிய ஆய்வும்

1. முன்னுரை

கண்டி மலைத்திணிவின் வடமேற்குச் சரிவு தாழ்ந்து குருநாகல் நிலத்துடன் கலக்கும் பகுதியில் ரிதிகம என்னும் ஊர் அமைந்துள்ளது. 'ரிதி' என்னுஞ் சிங்களச் சொல் வெள்ளியையும், 'கம' என்பது ஊரையுங் குறிப்பன. அவ்வூரின் குன்றொன்றிலே ரிதி விகாரை, அதாவது வெள்ளி விகாரை, உள்ளது. துட்டகைமுனு மன்னன் (கி.மு. 161–137) அநுராதபுரத்திலே மகாதூபியைக் கட்டிய காலத்தில், அதற்கு வேண்டிய வெள்ளி இக்குன்றின் குகையொன்றிலிருந்தே கிடைத்ததென்பது வழிவழி வரும் நம்பிக்கையாகும். இலங்கையில் வெள்ளிச் சுரங்கமெனப் பெயர் பெற்ற இடம் ஒன்றிருக்குமாயின் அது இதுவேயாம்.

பழைய வெள்ளிச் சுரங்கங்களை நவீன கருவிகளைக் கொண்டு மறுபடி ஆராய்ந்து திறக்கும் முயற்சிகள் உலகின் பல பாகங்களிலும் நடைபெறுகின்றன. ஞாயிற்று மின்கலங்களிலும் மின்னணுக் கருவிகளிலும் வெள்ளி பெருமளவு பயன்படுவதால், ஒருகாலத்தில் இலாபமற்றவையெனக் கைவிடப்பட்ட சுரங்கங்கள் மீண்டும் மூலதனத்தின் கவனத்தை ஈர்த்துள்ளன. இப்பின்னணியில், ரிதிகமத்தைப் பற்றியும் மூன்று வினாக்களை எழுப்பலாம். முதலாவது, அங்கு வெள்ளி உண்மையிலேயே அகழப்பட்டதா? இரண்டாவது, இதனை அறிவதற்கு இன்றைய விஞ்ஞானம் எத்தகைய வழிகளைத் தருகின்றது? மூன்றாவது, பழஞ்சுரங்கமொன்றினை 'மீட்டல்' என்பது யாருக்காக, யாருடைய உழைப்பினால், யாருடைய உடைமையாக நிகழ்வது?

முதலிரு வினாக்களையும் தொல்லியலாளரும் புவிச்சரிதவியலாளரும் மட்டுமே பேசவேண்டியவை என்றும், மூன்றாவதைப் பொருளியலாளர் கவனித்துக்கொள்வர் என்றும் கருதுவது நமது கல்வியுலகில் வேரூன்றிய பழக்கம். ஆயின், இலக்கியச் சான்று, பாறைச் சான்று, வர்க்க உறவு ஆகிய மூன்றையும் பிரித்து நோக்கினால் இப்பொருளின் மெய்யான உருவம் புலப்படாது. அவற்றை ஒருங்குவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மகாவம்சம் கூறும் செய்தி

ரிதிகமத்து வெள்ளி பற்றிய தலையாய இலக்கியச் சான்று மகாவம்சத்தின் 28ஆவது அத்தியாயமாகும். மகாதூபியைக் கட்டுவதற்கு வேண்டிய பொருள்கள் எவ்வாறு கிடைத்தன என்பதை அவ்வத்தியாயம் விரித்துரைக்கின்றது. மக்கள்மீது வரிச்சுமையை ஏற்றாது இப்பெருங் கட்டடத்தை எவ்வாறு எழுப்புவது என மன்னன் கவலைகொள்கிறான். அக்கவலையைத் தீர்க்கத் தேவர்கள் முன்வருகின்றனர். செங்கற்கள் தோன்றுகின்றன, நகரின் வெவ்வேறு திசைகளிலே பொன்னும் செம்பும் மணிகளும் முத்துக்களும் வெளிப்படுகின்றன. நகருக்குத் தெற்கே எட்டு யோசனைத் தூரத்தில் உள்ள அம்பட்டகோலம் என்னும் குகையிலே வெள்ளி வெளிப்படுகின்றது.

வெள்ளியைக் கண்டவன் சுரங்கத் தொழிலாளியல்லன், ஒரு வணிகன். இஞ்சி முதலான சரக்குகளைக் கொண்டுவருவதற்காகப் பல வண்டிகளுடன் மலைநாடு நோக்கிச் சென்றவன் அவன். வழியிலே வண்டிகளை நிறுத்திவிட்டு மலைமீது ஏறிய அவன், குடம்போற் பருத்த பலாப்பழமொன்றினைக் கண்டு, அதனைத் துறவிகளுக்குப் படைத்த பின்னரே தான் உண்கின்றான். துறவி காட்டிய வழியே சென்று குகையை அடைந்து, அங்கிருப்பது வெள்ளியென அறிந்து, ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு மன்னனிடம் விரைகின்றான்.

இக்கதையில் மூன்று கூறுகள் மனங்கொளத்தக்கவை. முதலாவது, இடவமைதி. அநுராதபுரத்திலிருந்து ரிதிகமம் தென்திசையில் அமைந்திருப்பதும், இடைத்தூரம் ஏறத்தாழ எட்டு யோசனைக் கணக்கிற்கு ஒத்துவருவதும் இக்கதை வெறுங் கற்பனை நிலத்தில் எழுந்ததன்று என்பதைக் காட்டும். இரண்டாவது, வணிகப் பாதை. உலர்வலயத் தலைநகரையும் மலைநாட்டு விளைபொருள்களையும் இணைத்த பாதை ஒன்றின்மீதே இக்குகை அமைந்திருந்தது. மூன்றாவது, உழைப்பின்மை. வெள்ளி அகழப்படவில்லை, உருக்கப்படவில்லை, அது 'தோன்றியது'. மகாதூபி வேலையில் கூலியின்றி எவரும் ஈடுபடலாகாதென மன்னன் ஆணையிட்டதாகப் பிறிதோரிடத்தில் கூறும் மகாவம்சம், வெள்ளியை வெட்டிச் சுமந்தவர் எவரென்பதைப் பற்றி வாய்திறக்கவில்லை.

உழைப்பின் விளைவு அற்புதத்தின் விளைவாக உருமாறி நிற்பது பண்டைய அரசவிலக்கியம் அனைத்திற்கும் பொதுவான இயல்பேயாம். மிகையுழைப்பை அரசு கைக்கொள்ளும் முறையை மறைத்து, அதனைத் தெய்வ அருளாகக் காட்டுதல் அவ்விலக்கியத்தின் கருத்துநிலைப் பணி. எனினும், அற்புதம் என்ற காரணத்தால் செய்தி முழுவதையும் பொய்யெனத் தள்ளிவிடுவதும் வரலாற்று முறையாகாது. இதற்குச் சேருவில ஓர் எடுத்துக்காட்டாகும். அதே அத்தியாயம், நகருக்குக் கிழக்கே, கங்கையின் அப்பாற்கரையிலே செம்பு வெளிப்பட்டதாகக் கூறுகின்றது. 1971இல் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தினர் மகாவலி கங்கைக்குக் கிழக்கே, திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் செம்பும் காந்தவிரும்புத் தாதும் கலந்த படிவத்தைக் கண்டறிந்தனர். பேராதனைப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் சுதர்ஷன் செனவிரத்ன அப்படிவத்தின் சூழலையும் தொல்லியலையும் இணைத்து ஆராய்ந்து, ஆதி இலங்கையின் வளப்பகுதிகள் பற்றிய விவாதத்துக்குப் புதிய அடித்தளம் அமைத்தார். அற்புதக் கதையின் செம்புக்குப் பின்னால் பாறையில் உண்மையான செம்பு இருந்தது. ஆகவே வெள்ளியையும் ஆராயாது விட்டுவிட இயலாது.

3. வெள்ளி வந்த வழி

இலங்கையின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது கேம்பிரியனுக்கு முற்பட்ட காலத்து உருமாறிய பாறைகளாலானது. இப்பாறைகளை உயர்நிலத் தொகுதி, வன்னித் தொகுதி, விசயன் தொகுதி, கடுகண்ணாவைத் தொகுதி எனப் பாகுபடுத்தும் முறையைக் குறோனர், கூரே, விதானகே ஆகியோர் 1991இல் முன்வைத்தனர். கண்டி நகரைச் சூழ்ந்துள்ளது கடுகண்ணாவைத் தொகுதியாகும். குருநாகற் பக்கம் வன்னித் தொகுதி விரிகின்றது. பூமியின் ஆழத்திலே மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருமாறிய இத்தகைய பாறைகளில் மணிக்கற்களும் காரீயமும் வளமாகக் கிடைப்பது இயல்பு. வெள்ளி மிகுந்த பெருந்தாதுப் படிவங்கள் பெரும்பாலும் வேறுவகைச் சூழல்களிலேயே உருவாகின்றன. வணிகமுறையில் அகழத்தக்க வெள்ளிப் படிவம் எதுவும் இலங்கையிற் பதிவாகவில்லை.

இவ்வுண்மையை நாணய வரலாறும் உறுதிசெய்கின்றது. ஆதிகால இலங்கையிற் புழங்கிய முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் இந்தியத் துணைக்கண்டத்து மரபைச் சேர்ந்தவை. கண்டியிராச்சியக் காலத்திற் பெருவழக்கிலிருந்த, தூண்டில்போல வளைந்த வெள்ளிக் கம்பி நாணயமாகிய லாரின், பாரசீகத்து லார் என்னும் ஊரின் பெயரால் வழங்கியது. 1660இற் சிறைப்பட்டு 1679இல் தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே, இந்நாணயத்தை மன்னனின் அனுமதியோடு எவரும் செய்துகொள்ளலாம் என்றும், அதன் வெள்ளி மிகத் தூயதென்றும் குறிப்பிடுகின்றார். நாணயம் அடிக்கும் உரிமை பரந்து கிடந்தது. ஆனால் மூலப்பொருளோ கடல்கடந்து வந்தது. கண்டியின் கம்மாளர் செதுக்கிய வெள்ளித் தட்டங்களும் வெற்றிலைச் செப்புக்களும், உள்நாட்டுக் கைத்திறனும் வெளிநாட்டு உலோகமும் இணைந்து பிறந்தவையெனக் கொள்வதே பொருத்தமாகும்.

ரிதி விகாரையின் இன்றைய தோற்றமே இத்தொடர்பைச் சொல்லாமற் சொல்கின்றது. நாயக்க மரபினனான கீர்த்திசிறி இராசசிங்கன் (1747–1782) காலத்திற் புதுப்பிக்கப்பட்ட அவ்விகாரையிலே, தெகல்தொறுவை ஓவியங்களைத் தீட்டிய மரபினரின் சுவரோவியங்கள் உள்ளன. அவற்றுக்கு அண்மையிலேயே விவிலியக் காட்சிகள் தீட்டிய ஒல்லாந்து நாட்டு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. தென்னிந்தியக் கட்டடப் பாணியிலமைந்த கற்கோயிலொன்றும் அவ்வளாகத்தில் நிற்கின்றது. வெள்ளியின் பெயரைத் தாங்கிய இடம் மூடுண்ட கிராமமாக என்றுமே இருந்ததில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கின், கதையின் தோற்றம்பற்றி மூன்று கருதுகோள்களை முன்வைக்கலாம். ஒன்று, சிறிய அளவிலான வெள்ளித் தாது உண்மையாகவே அங்கிருந்து, விரைவில் அகழ்ந்து தீர்க்கப்பட்டிருக்கலாம். இரண்டு, மலைநாட்டு வணிகப் பாதையின் ஓரத்திலே குவித்துவைக்கப்பட்ட காசோ வெள்ளிக்கட்டியோ பிற்கால நினைவில் இயற்கை வளமாக மாறியிருக்கலாம். மூன்று, பளபளக்கும் வேறொரு கனியம் வெள்ளியெனக் கொள்ளப்பட்டிருக்கலாம். ரிதிகமத்துக்கு அண்மையிலேயே, தொடங்கஸ்லந்தப் பகுதியிலே, உலகின் மிகத் தூய காரீயம் கிடைக்கின்றது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. இம்மூன்றில் எது சரியென்பதை நூலகத்தில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது; நிலத்திற்குத்தான் செல்லவேண்டும்.

4. நவீன கனிய ஆய்வு முறைகள்

வெள்ளி தனி உலோகமாகக் கிடைப்பது அரிது. பண்டைய உலகின் வெள்ளியிற் பெரும்பகுதி ஈயத் தாதிலிருந்து பெறப்பட்டது. ஈயத் தாதை உருக்கிப் பெறும் ஈயத்திலே வெள்ளி சிறுபங்காகக் கலந்திருக்கும். அவ்வீயத்தைத் திறந்த உலையிலே மீண்டும் சூடாக்கிக் காற்றூட்டினால், ஈயம் ஒட்சைட்டாக மாறி உலையின் அடியிற் சுவறிவிட, வெள்ளி மட்டும் எஞ்சும். இதுவே புடமிடல் எனப்படுவது. இதன் விளைவாக வெள்ளிச் சுரங்கம் இருந்த இடமெங்கும் உலோகக் கசடும் ஈய ஒட்சைட்டுக் கட்டிகளும் உலைச்சுவரின் துண்டுகளும் எஞ்சியிருக்கும். அரசனின் பெயர் மறைந்தாலும் உலையின் கசடு மறைவதில்லை. உழைத்தவனைப் பற்றி எழுத்திலக்கியம் மௌனம் சாதிக்குமிடத்தில் இக்கசடே அவனது ஆவணமாகும்.

ஆகவே ஆய்வின் முதற்படி மேற்பரப்பை அறிதலாகும். செய்ம்மதிப் படங்களின் உதவியால் பாறைப் பிளவுகளையும் மடிப்புக்களையும் வரைபடமாக்கலாம். விமானத்திலிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி நிலத்தின் உயரத்தை அளக்கும் முறையினால், காடு மூடிக்கிடக்கும் பழங்குழிகளும் மண்மேடுகளும் மரங்களை வெட்டாமலே புலப்படும். அடுத்தபடி, ஓடைகளின் மணலையும் சேற்றையும் ஒழுங்கான இடைவெளிகளிற் சேகரித்து, ஈயம், துத்தநாகம், அந்திமனி, வெள்ளி ஆகியவற்றின் அளவை ஆய்வுகூடத்தில் அறிதல். மலையில் தாது இருக்குமாயின் அதன் சுவடு ஓடையில் இறங்கியே தீரும்.

இலங்கைக்குச் சிறப்பாக வாய்த்த ஆவணம் ஒன்றுண்டு; அது குளம். 1994இல் கிறீன்லாந்தின் பனிப்படைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், கிரேக்க உரோமானியக் காலத்து வெள்ளி உருக்குலைகளிலிருந்து எழுந்த ஈயப்புகை அப்பனியிற் பதிந்திருப்பதைக் காட்டினர். நமக்குப் பனி இல்லை. ஆனால் ஆண்டுதோறும் வண்டல் படியும் நூற்றுக்கணக்கான பழங்குளங்கள் ரிதிகமத்துக்கு வடக்கேயுள்ள நிலமெங்கும் பரந்துள்ளன. அவற்றின் அடிச்சேற்றைக் குழாய் மூலம் நெடுக்காக எடுத்து, படைபடையாகக் காலங்கணித்து, ஈயத்தின் அளவை அளந்தால், கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் அண்மையில் ஏதேனும் உருக்குலை எரிந்ததா என்ற வினாவுக்கு விடை காண முடியும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விகாரையின் கல்லொன்றையும் அசைக்கவேண்டியதில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள நாட்டில் இது சிறிய நன்மையன்று.

மூன்றாம் படி புவிப்பௌதிக முறைகள். சல்பைட்டுத் தாதுக்கள் மின்னைக் கடத்துபவை. ஆகவே நிலத்தின் இயல்பான மின்னழுத்த வேறுபாட்டை அளத்தல், மின்னோட்டத்தைச் செலுத்தி நிறுத்தியபின் எஞ்சும் மின்னேற்றத்தை அளத்தல், மின்காந்த அலைகளைச் செலுத்தி அவற்றின் எதிரொலியைப் பதிதல் ஆகிய முறைகளால் அவற்றின் இருப்பிடத்தை ஊகிக்கலாம். இங்கேதான் ரிதிகமத்துக்கே உரிய சிக்கல் ஒன்று தோன்றுகின்றது. காரீயமும் மின்னை மிக நன்றாகக் கடத்தும். வெள்ளியைத் தேடிச் செலுத்தும் மின்னோட்டம் இப்பகுதியிற் பெரும்பாலும் காரீய நரம்புகளையே முதலிற் காட்டும். வேறு நாடுகளின் கனிய ஆய்வாளர்கள் காரீயத்தைத் 'தவறான சைகை' எனச் சலித்துக்கொள்வதுண்டு. இங்கே அத்தவறான சைகையே மெய்யான செல்வமாக இருப்பது வரலாற்றின் நகைமுரண்.

இறுதிப்படி வைரமுனைத் துளையிடலாகும். உருளை வடிவான பாறைத் தண்டுகளை வெளியே எடுத்து, தாதின் தடிப்பையும் செறிவையும் நேரடியாக அறிவது இம்முறை. இதற்கு முந்திய படிகள் யாவும் எங்கே துளையிடுவது என்பதைத் தீர்மானிப்பதற்கான ஆயத்தங்களே. இவற்றுடன், பழைய வெள்ளிப் பொருள்களிலும் காசுகளிலும் எஞ்சியிருக்கும் ஈயத்தின் சமதானி விகிதங்களை அளந்து, அவ்வெள்ளி எந்நாட்டுச் சுரங்கத்திலிருந்து வந்ததென இனங்காணும் முறையும் உண்டு. அருங்காட்சியகங்களில் உறங்கும் முத்திரைக் காசுகளையும் லாரின்களையும் இவ்வாறு ஆராய்வது, ரிதிகமத்துக் குன்றைத் துளைப்பதிலும் பயனுள்ள முதல் வேலையாகும்.

இத்தகைய ஆய்வுக்குக் கண்டிப் பிரதேசத்தில் மரபொன்று உண்டென்பதை மறந்துவிடலாகாது. 1903 தொடக்கம் 1906 வரை இலங்கைக் கனியவியல் அளவையின் முதற் பணிப்பாளராகவிருந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக்கு அண்மையிலுள்ள கங்காப்பிட்டியவிலே செரண்டிபைற்று என்னும் புதிய கனியத்தை இனங்கண்டவர்களுள் ஒருவர். கற்களைத் தேடிக் கிராமங்களிற் கால்நடையாகத் திரிந்த அனுபவமே அவரைக் கம்மாளரிடமும் ஓவியரிடமும் கொண்டுசேர்த்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலைப் பிறப்பித்தது. கைவினை உலகை அவர் இலட்சியமயப்படுத்தி நோக்கினார் என்பது நமது விமரிசனமாக இருக்கலாம். ஆயினும் பாறையையும் அதனைக் கையாண்ட மனிதனையும் ஒருசேர நோக்கிய அவரது முறை இன்றும் பயிலத்தக்கது. பின்னாளில் கில் ஜூலெவ், சமனலவாவைப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்ட பண்டைய இரும்புலைகளைக் கண்டு, அவற்றைப்போல் உலை அமைத்து எரித்துப்பார்த்து, 1996இல் உலகுக்கு அறிவித்தமையும் இத்தகைய முறையின் வெற்றியேயாகும்.

5. காரீயம்: மீட்கப்படும் மெய்யான சுரங்கம்

ரிதிகமத்து வெள்ளி ஐயத்துக்குரியது. அயலிலுள்ள காரீயமோ ஐயத்துக்கப்பாற்பட்டது. பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். 'கார்' நிறத்து 'ஈயம்' என்பதே காரீயம். தமிழகத்தில் இச்சொல் ஈயத்தைக் குறிக்க, இலங்கையில் அது பென்சிலுக்குள் இருக்கும் கரியத்தைக் குறிக்கின்றது. ஐரோப்பியரும் இதனைக் கரிய ஈயமென்றே நெடுங்காலம் அழைத்தனர். ஈயத்துடன் இதற்கு எவ்வித இரசாயன உறவும் இல்லை. இது தூய கரியமேயாம். உலகின் ஏனைய நாடுகளிற் பெரும்பாலும் செதிலாகப் பாறையிற் பரவிக் கிடக்கும் காரீயம், இலங்கையில் நரம்பு நரம்பாக, 95 வீதத்துக்கும் மேற்பட்ட கரியத்துடன் கட்டியாகக் கிடைக்கின்றது. வணிக அளவில் இவ்வகைக் காரீயத்தைத் தருவது இலங்கை மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருக்குத் தொழிலுக்கு வேண்டிய வெப்பந்தாங்கும் மூசைகளைச் செய்வதற்கு இக்காரீயம் இன்றியமையாததாயிற்று. இலண்டனிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இருந்த மூசை உற்பத்தியாளரே இதன் பெருங்கொள்வனவாளர். முதலாம் உலகப் போரின்போது, 1916இல், ஏற்றுமதி 33,000 தொன்னளவில் உச்சத்தை அடைந்தது. போர் முடிந்ததும் தேவை சரிந்தது. மடகாஸ்கரின் மலிவான செதிற் காரீயம் போட்டிக்கு வந்தது. மின்னுலைகள் மூசைகளின் இடத்தைப் பிடித்தன. நூற்றுக்கணக்கான குழிகள் நீர் நிரம்பிக் காடாயின. இன்று 'வரலாற்றுப் புகழ்மிக்க பழஞ்சுரங்கங்கள்' எனப் பேசப்படுபவை இவையேயாம்.

இத்தொழிலின் வர்க்கத் தன்மை குறிப்பிடத்தக்கது. பெருந்தோட்டங்களில் ஆங்கில மூலதனம் கோலோச்சிய காலத்திலே, காரீயம் பெரிதும் சுதேச முதலாளிகள் கையில் இருந்தது. டொன் ஸ்பேற்றர் சேனநாயக்கா, அத்தியகல குடும்பத்தினர், கொத்தலாவல குடும்பத்தினர் முதலியோரின் செல்வம் காரீயத்தோடு பிணைந்தது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்துச் சிறைப்பட்டோருள் எப்.ஆர். சேனநாயக்காவும் டி.எஸ். சேனநாயக்காவும் அடங்குவர். சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரும் மூன்றாம் பிரதமரும் இக்குடும்பங்களிலிருந்து தோன்றியமை தற்செயலன்று. குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, இலங்கை முதலாளி வர்க்கத்தின் எழுச்சி பற்றிய ஆய்வு இவ்வுறவுகளை விரிவாக எடுத்துக்காட்டுகின்றது. தேசிய இயக்கத்தின் தலைமை காரீயத்தின் இலாபத்தில் வளர்ந்தது. அக்காரீயத்தை நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் வெட்டியவர்களும், கொழும்புக் கொட்டில்களில் அதனைத் தரம்பிரித்துத் துலக்கிய பெண்களும் அவ்வியக்கத்தின் வரலாற்றில் இடம்பெறவில்லை. மகாவம்சத்து மௌனம் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் தொடர்ந்தது எனலாம்.

இம்மௌனத்தை ஓரளவு கலைத்தது மருத்துவ ஆய்வொன்றாகும். 1972இல் ரணசிங்க, உரகொட ஆகியோர் காரீயத் தொழிலாளரிடையே காணப்படும் நுரையீரல் நோய் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். தூய கரியம் தீங்கற்றதென்ற எண்ணத்தை அவ்வாய்வு அசைத்தது. அரச நிர்வாகம் ஏற்பட்டதும் ஏறத்தாழ அதே காலத்திலாகும். 1971இல் போகல, கஹட்டகஹ, கொலங்கஹ ஆகிய சுரங்கங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பின்னர் வந்த தாராளமயக் கொள்கையின் கீழ்ப் போகல தனியார் வசமாகி, செருமானிய மூலதனத்தின் கைக்குச் சென்றது. அறுநூறு மீற்றருக்கு மேல் ஆழமான கஹட்டகஹ அரசின் கையிலேயே இருந்துவருகின்றது. ஒரே கனியத்தை அகழும் இவ்விரு சுரங்கங்களும் இருவகை உடைமை முறைகளை ஒப்பிடுவதற்கு அரிய வாய்ப்பாகும்.

இருபத்தோராம் நூற்றாண்டு காரீயத்துக்குப் புதுவாழ்வு அளித்துள்ளது. 2004இல் மன்செஸ்ரரில் கிறபீன் தனிப்படுத்தப்பட்டமையும், அதற்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தமையும், மின்வாகனங்களின் இலிதியக் கலங்களுக்குக் காரீயம் இன்றியமையாததாயினமையும் பழைய குழிகளை மீண்டும் விலைமதிப்புடையனவாக்கின. கண்டி ஹந்தானையில் அமைந்துள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திலே இலங்கைக் காரீயத்தைக் கல மின்வாயாகப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. மறுபுறம், 1992ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின் கீழ் ஆய்வு அனுமதி பெற்ற வெளிநாட்டுக் கம்பனிகளும் பழஞ்சுரங்கங்களை நாடி வந்தன. அச்சட்டத்தின்படி நிலத்தடிக் கனியம் குடியரசுக்குச் சொந்தமானது. சட்டத்தின் உடைமை அரசிடமிருப்பினும், பெறுமதி கூட்டப்படும் இடம் வெளிநாட்டிலாயின், உண்மையான உடைமை யாரிடம் இருக்கின்றது என்பதே கேட்கப்படவேண்டிய வினா. 1916இற் கட்டியாக ஏற்றுமதியாகி மூசையாகத் திரும்பிய காரீயம், இன்று கட்டியாக ஏற்றுமதியாகிக் கலமாகத் திரும்புமாயின், மாறியது கருவி மட்டுமே, உறவு மாறவில்லை.

6. மூன்று ஒப்பீடுகள்

பழஞ்சுரங்க மீட்பு என்பது எவ்வாறெல்லாம் முடியக்கூடும் என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுக்கள் போதும்.

கிரேக்கத்தின் லோரியன் சுரங்கம் ஏதென்சின் வெள்ளியைத் தந்தது. கி.மு. 483ஐ அண்டிக் கிடைத்த புதிய வெள்ளியைக் கொண்டே தெமிஸ்தோக்கிளிஸ் கப்பற்படையைக் கட்டுவித்தார். அடிமைகளே சுரங்கத்தில் உழைத்தனர். 1860களிலே இத்தாலியரான செர்ப்பியெரி அப்பழங்கசடுகளை மீண்டும் உருக்கி எஞ்சிய உலோகத்தைப் பெறும் தொழிலைத் தொடங்கினார். அடிமைகள் விட்டுச்சென்ற கழிவு முதலாளியின் மூலதனமாயிற்று. 1896இல் அதே இடத்திலே நடந்த வேலைநிறுத்தம் கிரேக்கத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றது.

இராசத்தானின் தரிபா, அகூச்சா ஆகிய இடங்கள் வெள்ளிச் சுரங்க மீட்புக்கு நமது துணைக்கண்டத்திலேயே உள்ள நேரடிச் சான்றுகளாம். ஈயமும் வெள்ளியும் பெறுவதற்காக மௌரியர் காலத்தும் அதற்கு முன்னும் தோண்டப்பட்ட குழிகள் அங்குள்ளன. குழிகளில் எஞ்சிய மரத்துண்டுகளைக் கரியக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி அவற்றின் தொன்மை நிறுவப்பட்டது. இராம்புரா அகூச்சா 1977இல் மீளக் கண்டறியப்பட்டு, 1966இல் அரச நிறுவனமாக அமைந்த இந்துத்தான் சிங்கினால் பெருஞ்சுரங்கமாக வளர்க்கப்பட்டது. பழங்குழிகளே புதிய துளையிடலுக்கு வழிகாட்டின. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் பலன் 2002இல் கட்டுப்பாட்டுப் பங்குகள் விற்கப்பட்டபோது தனியார் கைக்கு மாறியது.

மூன்றாவது, தமிழ்த் தொழிலாளரின் குருதியோடு கலந்த கோலார் தங்கவயல். 1880 முதல் ஆங்கிலக் கம்பனியினால் நவீனமுறையில் அகழப்பட்ட அவ்விடமும் முன்னரே பழங்குழிகளால் அறியப்பட்டதே. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற தாழ்த்தப்பட்ட மக்களே மூன்று கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கினர். மலையகத் தோட்டங்களுக்கு ஆட்களைத் துரத்திய அதே வறுமையே அவர்களையும் துரத்தியது. 1956இல் அரசுடைமையான சுரங்கம் 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டபோது, எஞ்சியவை சயனைட்டுக் கழிவுமேடுகளும் வேலையிழந்த குடும்பங்களுமே. சுரங்கம் மீட்கப்படுவதைப் பற்றிப் பேசுவோர், அது மூடப்படும் நாளையும் சேர்த்தே திட்டமிடவேண்டும் என்பதே கோலார் தரும் பாடம்.

7. முடிவுரை

மேலே கூறியவற்றால் பெறப்படுவன சில. ரிதிகமத்தில் வணிகப் பயனுள்ள வெள்ளி கிடைக்குமென எதிர்பார்ப்பதற்குப் புவிச்சரிதவியல் இடந்தரவில்லை. ஆயினும் அக்கதையை விஞ்ஞானமுறையிற் சோதிப்பது பயனற்ற வேலையன்று. குளச்சேற்றிலும் ஓடை மணலிலும் ஈயத்தின் சுவடு காணப்படுமாயின், ஆதி இலங்கையின் உற்பத்திச் சக்திகளைப் பற்றிய நமது கருத்துக்கள் திருத்தப்படும். காணப்படாவிடின், வெள்ளி வணிகத்தினால் வந்ததென்ற முடிவு வலுப்பெற்று, மலைநாட்டு இஞ்சி வணிகனின் பயணம் அற்புதக் கதையினின்றும் பொருளாதார வரலாற்றுக்கு இடம்பெயரும். எவ்வழியிலும் நட்டமில்லை.

காரீயத்தைப் பொறுத்தவரையில் செயற்பாடே வேண்டப்படுவது. ஆய்வு அனுமதி பெறுவோர் திரட்டும் நிலவியற் தரவுகள் உரிய காலத்துக்குப்பின் பல்கலைக்கழகங்களுக்குத் திறந்துவிடப்படல் வேண்டும். அவற்றின் சாரம் சிங்களத்திலும் தமிழிலும் அப்பகுதி மக்களுக்குக் கிடைத்தல் வேண்டும். சுரங்கத் தொழிலாளரின் நுரையீரற் சோதனை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாதல் வேண்டும். கட்டியாக ஏற்றுமதி செய்வதினும், கலத்திற்குரிய பொருளாக உள்நாட்டிலே பதப்படுத்துவதற்கு அரச முதலீடு முன்னுரிமை பெறுதல் வேண்டும். மூடும் காலத்துக்கான நிதி, திறக்கும் நாளிலேயே ஒதுக்கப்படல் வேண்டும்.

தமிழாய்வாளருக்கும் இதில் பணியுண்டு. கனிய உலகின் கலைச்சொற்களைச் சீர்செய்தலும், காரீயம் போன்று இருபொருள்படும் சொற்களைத் தெளிவாக்கலும், சுரங்கத்திலும் கொட்டிலிலும் உழைத்தோரின் வாய்மொழி வழக்குகளை அவர்கள் மறையுமுன் தொகுத்தலும் நமது துறைக்குரியவை. வெள்ளி தானாகத் தோன்றியதென எழுதிவைத்த மரபுக்கு மறுமொழி, அதனை எவர் தோண்டினர் என்று கேட்பதேயாகும். அவ்வினாவைப் பழைய குகையிடம் கேட்பதோடு அமையாது, இன்று திறக்கப்படும் ஒவ்வொரு குழியின் வாயிலிலும் நின்று கேட்டல் வேண்டும்.